கால் தட்டும் நாள்: ஹாம்ப்டன் அருகே ஒரு தேம்ஸ் தீவில்

இந்தப் பயணத்தை நான் திட்டமிடவில்லை. வழக்கமாக இங்கே வந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும், நான் தனியாகப் போகிறவன், பேருந்தில் போகிறவன், போய்வந்து முட்டிவலியைப் பற்றிக் குறை சொல்கிறவன். இந்த முறை என்னை ஒருவர் அழைத்தார். அதுவும் பதினோரு வருடமாக நான் பேசாமல் இருந்த ஒருவர்.

மார்ச் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. தொலைபேசி அடித்தது.

"அண்ணை, நவம் கதைக்கிறன்."

"எந்த நவம்?" என்றேன். எந்த நவம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"தமிழ்ப் பள்ளிக்கூட நவம். கோவம் இன்னும் போகேல்லையோ?"

"என்ன விஷயம், சொல்லுங்க."

"ஒரு வீடு பாத்து வைச்சிருக்கிறம் அண்ணை. தேம்ஸுக்கு நடுவிலை ஒரு தீவு. வீடு காலிலை நிக்குது. வாற சனிக்கிழமை அந்தக் காலெல்லாம் தட்டிப் பாக்கினமாம். நீங்கள் ஒருக்கா வந்து பாக்க ஏலுமோ?"

"லண்டன்ல வேற சர்வேயரே இல்லையா?"

"கனபேர் இருக்கினம். ஆனா உங்களைப்போலப் பிழை பிடிக்கிற ஆளை நான் சுவிஸிலையும் காணேல்லை, இஞ்சையும் காணேல்லை."

புதிதாக வருபவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் கிள்ளானிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட மலேசியக்காரன். வீடு வாங்குபவர்களுக்காகக் கட்டடங்களைப் பரிசோதித்து அறிக்கை எழுதுவது என் தொழில். இருபத்துநான்கு வருடமாகச் செய்கிறேன். அதில் இரண்டு முறை எனக்கு வரவேண்டிய பதவி, நான் பழக்கிவிட்ட ஆட்களுக்குப் போனது. அது தனிக்கதை. ஹவுன்ஸ்லோவில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம் செயலாளராக இருந்தேன்; ஆண்டுத் தேர்வுக்குத் தாள் திருத்தியதும் நான்தான். அந்தப் பள்ளியின் கூட்டத்தில் எழுந்து நின்று, என்னை நீக்கவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் நவம். ஒன்பதுக்கு இரண்டு. யார் யார் கை தூக்கினார்கள், யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். ஏழு நாள் முன்னறிவிப்பு கொடுக்காத தீர்மானம். விதிப்படி செல்லாது.

ஆனாலும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நவத்துக்காக அல்ல. தேம்ஸ் நதித் தீவுகளில் கால்மேல் நிற்கும் மரவீடுகள் இருக்கின்றன என்று வருடக்கணக்காகக் கேள்விப்பட்டிருந்தேன். பேருந்தில் போகும்போது மரங்களுக்கு இடையே கூரைகளைப் பார்த்ததும் உண்டு. உள்ளே இருப்பவர் யாராவது அழைக்காமல் அங்கே கால் வைக்க முடியாது. எங்கள் ஊர்ப் பக்கம் கெத்தாம் தீவு முழுவதும் இப்படிக் கால்வீடுகள்தான். அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைச் சைக்கிளே உண்டு. இங்கே ஒரு மணி மட்டும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை 8.25க்கு ஹவுன்ஸ்லோ பேருந்து நிலையத்தில் 111 ஏறினேன். கட்டணம் ஒரு பவுண்டு எழுபத்தைந்து. ஹான்வொர்த்தில் வீதி வேலை. ஓட்டுநரிடம் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். தலையைத் திருப்பாமல், நீங்கள் வந்த அவசரத்துக்கு நான் என்ன செய்ய முடியும் என்றார். அவர் சொன்னதும் சரிதான். சாதாரணமாக முப்பத்தைந்து நிமிடத்தில் வந்துவிடும் என்கிறார்கள். எனக்கு ஐம்பது ஆனது. ஹாம்ப்டனில் இறங்கியபோது 9.15. மழை இல்லை, ஆனால் காற்றில் ஈரம். ஒரு கடையில் கோப்பி வாங்கினேன், மூன்று பவுண்டு அறுபது. கோப்பியைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

அங்கிருந்து ஆற்றோரமாக ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நடை. என் வேகத்தில் பதினெட்டு நிமிடம். தீவின் பெயரை எழுதவேண்டாம் என்று அங்கே இருப்பவர்கள் கேட்டுக்கொண்டார்கள். எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வந்து மணியை அடித்துவிட்டு ஓடுகிறார்களாம்.

கரையில் ஒரு மரக்கம்பம், அதில் கப்பல் மணி போன்ற ஒரு பித்தளை மணி. எதிரே முப்பது மீட்டர் தண்ணீர். அதற்கு அந்தப்பக்கம் வரிசையாக மரவீடுகள். பச்சை, வெள்ளை, மங்கிய நீலம். ஒவ்வொன்றும் ஓர் ஆளின் நெஞ்சு உயரமுள்ள மரக்கால்களில் நின்றது. வீட்டுக்கு அடியில் படகு, சைக்கிள், விறகு. நூறு வருடத்துக்கு முன்பு லண்டன்காரர்கள் வார இறுதிக்குக் கூடாரம் அடிக்க வந்த இடம். கூடாரம் குடிசையானது, குடிசை வீடானது. போர்க்காலத்தில் நகரத்தில் தங்க இடமில்லாமல் வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. குளிர்காலத்தில் ஆறு தீவுக்குமேல் ஏறும் என்பதால் எல்லாவற்றையும் காலில் தூக்கி வைத்துவிட்டார்கள்.

மணியை அடித்தேன். அக்கரையில் ஒரு தட்டையான மிதவை. அதைச் சங்கிலியில் கோத்து, கையால் சக்கரம் சுற்றி இழுக்கிறார்கள். வரும்போதே நவம் தெரிந்தார், சக்கரத்தை அவர்தான் சுற்றிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட திருப்தியை மறைக்க விரும்பவில்லை.

"வாங்கோ அண்ணை. மெலிஞ்சு போனியள்."

"பஸ்ல வந்தேன்" என்றேன். அவர் சொன்னதற்கு அது பதில் இல்லை.

கடக்க நான்கு நிமிடம். பாதி தூரத்தில், நீங்களும் கொஞ்சம் சுற்றுங்கோ, உடம்பு சூடாகும் என்றார். சுற்றினேன். சூடாகவில்லை, தோள்தான் வலித்தது.

அக்கரையில் அவருடைய மனைவி வசந்தாவும் மகள் ஆரணியும் நின்றார்கள். வசந்தாவின் கையில் அளவு நாடா. ஜன்னல்சீலைக்கு அளந்துகொண்டிருந்தாராம்.

"மண்ணிலை ஒரு வீடு வேணும் எண்டு முப்பது வருசமாக் கேட்டனான் அண்ணை" என்றார். "சுவிஸிலை நாலாம் மாடி. ஹவுன்ஸ்லோவிலை சிக்கன் கடைக்கு மேலை. இப்ப இந்த மனுசன் தண்ணியிலை வாங்கித் தாறாராம்."

"ஹவுன்ஸ்லோவைப்போலை பிளேன் சத்தம் இல்லையெல்லோ" என்றார் நவம்.

"இருக்கு. கொஞ்சம் தள்ளி இருக்கு." சொல்லிவிட்டு வசந்தா வீட்டைத் திரும்பிப் பார்த்தார். குறை சொல்லும் வாய் ஒரு பக்கம், பார்க்கும் கண் ஒரு பக்கம். இந்த வீட்டை எவ்வளவு விரும்பிவிட்டார் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

ஆரணிக்கு இப்போது இருபத்துமூன்று வயது. கடைசியாகப் பார்த்தபோது இரட்டைப்பின்னலோடு பன்னிரண்டு வயதுப் பிள்ளை. "ஹாய் அங்கிள்" என்று சொல்லிவிட்டு வேறுபக்கம் பார்த்தாள்.

அந்த வீட்டுக்காரி டோரீன் என்று ஓர் ஆங்கிலேய மாது. எண்பத்துமூன்று வயது. நாற்பத்தொரு வருடம் அந்த வீட்டில் இருந்திருக்கிறார். இப்போது மிதவைச் சக்கரத்தைச் சுற்றத் தோள் ஒத்துழைப்பதில்லை. மே மாதம் மகன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பிளாட்டுக்குப் போகிறார். பல பேர் வந்து பார்த்தார்களாம். நவத்துக்குத்தான் தருவேன் என்று சொல்லிவிட்டாராம். காரணம் கேட்டேன். வந்த அன்றைக்கே வீட்டுக்கு அடியில் படுத்துப் பார்த்த ஒரே ஆள் அவர்தான் என்றார்.

இனி அந்த வழக்கத்தைச் சொல்லவேண்டும். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

ஒவ்வொரு வசந்தத்திலும், வெள்ளம் வடிந்த பிறகு, ஒரு சனிக்கிழமை தீவிலுள்ளவர்கள் எல்லோரும் வீடுகளுக்கு அடியில் இறங்கி, ஒவ்வொரு காலையும் மரச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறார்கள். நல்ல மரம் கணீர் என்று பதில் சொல்லும். உள்ளே உளுத்த மரம் மந்தமாக முனகும். நல்ல காலில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம். மாற்றவேண்டிய காலில் ஒரு குறுக்குக்கோடு. இதில் நான்கு விதிகள் உண்டு. யாரும் தன் வீட்டுக் காலைத் தானே தட்டக்கூடாது. சுண்ணாம்பு போட்டவர் தான் போட்டதைத் தானே மாற்றக்கூடாது. வீட்டுக்காரர் வாதாடக்கூடாது. குறுக்குக்கோடு விழுந்த வீடு அடுத்த வருடம் தட்டும் நாள்வரை கை மாறாது. எங்கேயும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனால் மீறியவர் யாரும் இல்லையாம்.

இதையெல்லாம் விளக்கியவர் கீத். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அன்றைய தட்டும் வேலையை நடத்தியவர் அவர்தான். ஏன் தன் வீட்டைத் தானே தட்டக்கூடாது என்று கேட்டேன். தன் வீடு என்றால் காது நல்லதையே கேட்கும் என்றார். அந்த வருடம் இரண்டு பேர் சுகமில்லாமல் படுத்திருந்ததால் தட்டுவதற்கு ஆள் குறைவு. நான் செய்வது என்ன தொழில் என்று நவம் சொல்லியிருக்கிறார். கீத் என் கையில் ஒரு சுத்தியலும், சேறு சுரண்ட ஒரு தகடும், ஒரு சுண்ணக்கட்டியும் கொடுத்தார். வெளியாள் என்றால் இன்னும் நல்லது, யாரோடும் கோபதாபம் இருக்காது என்றார்.

நவம் என்னைப் பார்த்தார். நான் சுண்ணக்கட்டியைப் பார்த்தேன்.

எனக்கு மூன்று வீடுகள். பத்து மணிக்குத் தொடங்கினேன். முதல் இரண்டும் யாருடையவை என்று தெரியாது, தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை. குளிர்கால வெள்ளம் கொண்டுவந்த சேறு கால்களின் அடியில் முழங்கால் உயரத்துக்கு அப்பி, காய்ந்தும் காயாமலும் கிடந்தது. குனிந்து சுரண்டினேன், தட்டினேன், காது வைத்தேன். முதல் வீட்டில் பன்னிரண்டு வட்டம். இரண்டாவதில் பதினொரு வட்டம், ஒரு குறுக்கு. அந்த வீட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டு, தேவையென்றால் பிஸ்கட் இருக்கிறது என்றார். இடுப்பு விட்டுப்போகிற மாதிரி இருந்தது. வீட்டுக்கு அடியில் அரை உடம்பாக நடப்பது என் வயதுக்கான வேலை அல்ல.

மூன்றாவது, டோரீனுடைய வீடு. பதினான்கு கால்கள். கரைப்பக்கம் ஒன்பதும் வட்டம். ஆற்றுப்பக்கம் ஐந்து. அதில் இரண்டு வட்டம். மற்ற மூன்றும் மந்தமாகச் சத்தம் கொடுத்தன. மறுபடி தட்டினேன். மந்தம்தான். மேலே பலகைத்தரையில் வசந்தா நடக்கும் சத்தம் கேட்டது. நான் மூன்று குறுக்குக்கோடுகள் போட்டேன். அழுத்திப் போட்டேன், சுண்ணக்கட்டி உடைந்தது.

வெளியே வந்து சொல்லவேண்டும், அதுதான் முறை. சொன்னேன். "மூணு கால் போயிடுச்சு. ஆத்துப்பக்கம்."

வாதாடக்கூடாது என்பது விதி. டோரீன் மெல்லப் படியேறிப்போய்த் தேநீருக்குக் கெண்டியை அடுப்பில் வைத்தார். மே மாதத்துப் பிளாட் அடுத்த வருடம்வரை காத்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது. வசந்தா அளவு நாடாவை மெதுவாகச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்தார்.

"நீங்களே ஒருக்கா அடியிலை பாத்தனீங்கள்தானே?" என்று நவத்தைக் கேட்டார்.

"பாத்தனான். எனக்கு நல்லாத்தான் கிடந்தது. ஆனா அண்ணை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்." பிறகு, "மூண்டோ?" என்றார்.

"மூணு."

"ஒண்டெண்டாக்கூட இந்த வருசம் ஏலாதுதானே" என்றார். கோபமில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பன்னிரண்டேகாலுக்கு எல்லோரும் டோரீன் வீட்டு வராந்தாவில் தேநீர் குடித்தோம். ஆறு அமைதியாக ஓடியது. ஒரு படகோட்டும் அணி கத்திக்கொண்டே போனது. நான் உண்மையைச் சொல்கிறேன், பதினோரு வருடத்தில் அவ்வளவு ருசியான தேநீர் நான் குடித்ததில்லை. நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. நானாக வரவில்லை, அழைத்தார்கள். நானாகச் சுத்தியலை எடுக்கவில்லை, கொடுத்தார்கள். மரம் சொன்னதைச் சொன்னேன். ஒன்பதுக்கு இரண்டு என்று கை தூக்கவைத்த ஆளின் கனவு, என் தொழில் நேர்மையாலேயே முடிந்துபோயிற்று. இதைவிட வேறென்ன வேண்டும்?

இரண்டாவது கோப்பைக்குச் சர்க்கரை எடுக்கக் கையை நீட்டினேன். ஆரணி என் பக்கத்தில் இருந்த சுரண்டும் தகட்டை எடுத்து நகர்த்தினாள்.

"சோறி அங்கிள், உடுப்பிலை சேறு பட்டிடும் எண்டு..." என்றவள் தகட்டைத் திருப்பிப் பார்த்தாள். "ஓ, இது காஞ்சு போச்சு."

தகட்டில் ஒட்டியிருந்த சேறு வெளிறிக் காய்ந்திருந்தது. இரண்டாவது வீட்டுச் சேறு. அதற்குமேல் புதுச் சேறு ஒரு துளிகூட இல்லை.

முதல் இரண்டு வீடுகளில் நான் சேற்றைச் சுரண்டிவிட்டுத் தட்டினேன். இந்த வீட்டில் சுரண்டவில்லை. கரைப்பக்கம் சேறு குறைவு, அதனால் ஒன்பது கால்களும் ஒழுங்காகச் சத்தம் கொடுத்தன. ஆற்றுப்பக்கம், நான் கோடு போட்ட அந்த மூன்று கால்களில்தான் அது அப்பிக் கிடந்தது. ஈரச்சேறு அப்பிய கால் எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும் மந்தமாகத்தான் சத்தம் கொடுக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுப்பது. இடுப்புவலி என்று சொல்லலாம். மூன்றாவது வீடு, களைப்பு என்று சொல்லலாம். இரண்டும் உண்மை. ஆனால் மந்தமான சத்தம் கேட்டதும், ஏன் மந்தம் என்று நான் என்னைக் கேட்கவில்லை. எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது.

இது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆரணி தகட்டைப் பார்த்தாளே தவிர அவளுக்கு அதில் ஒன்றும் புரிந்திருக்க வழியில்லை. டோரீன் வாதாடமாட்டார். நவம், அண்ணை சொன்னால் சரி என்றுவிட்டார். இரண்டு மணிக்கு நான் பேருந்து ஏறியிருந்தால் கதை முடிந்தது. அந்தக் கோப்பையை முழுவதும் குடித்தேன். பத்து நிமிடம் இருக்கும். இந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி நான் பெருமைப்படவில்லை.

பிறகு கீத்திடம் போய், நான் ஆற்றுப்பக்கம் சேற்றைச் சுரண்டாமல் தட்டிவிட்டேன், மறுபடி பார்க்கவேண்டும் என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். சுண்ணாம்பு போட்டவர் மாற்றக்கூடாது, நீ வெளியே நில் என்றார். கை டிரில்லை எடுத்துக்கொண்டு அவரே அடியில் இறங்கினார். நவமும் பின்னால் குனிந்து போனார். வசந்தா வாசலில் நின்று கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். சேறு சுரண்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அதற்குப் பிறகு சுத்தியல். கணீர். இன்னொன்று. கணீர். மூன்றாவது காலில் சற்றுத் தாமதம். பிறகு டிரில் திருகும் சத்தம்.

வெளியே வந்த கீத்தின் உள்ளங்கையில் மரத்தூள். சிவந்த நிறம், உலர்ந்தது, விரலால் நசுக்கினால் பொடிந்தது. உளுத்த மரமாக இருந்தால் அது கறுத்து, நனைந்து, களியாக வந்திருக்கும். நானும் தொட்டுப் பார்த்தேன். மூன்றும் நல்ல கால்கள். இன்னும் முப்பது வருடம் நிற்கும்.

வசந்தா பையைத் திறந்து அளவு நாடாவை மறுபடி எடுத்தார். டோரீன் என்னிடம் வந்து, இன்னொரு கோப்பை தேநீர் வேண்டுமா என்று கேட்டார். இந்த நாட்டில் இருபத்தெட்டு வருடம் இருந்தும், ஒரு தேநீர் எப்போது மன்னிப்பு, எப்போது வெறும் தேநீர் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நவம் கால்சட்டையில் சேற்றைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணை, நீங்கள் அப்பவும் இப்பிடித்தான்" என்றார். "முதல்லை குறுக்குக் கோடு. பேந்துதான் பாப்பியள்."

"அப்பவும் நான் சரியாத்தான் திருத்தினேன்" என்றேன்.

"ஓம் ஓம். எல்லாப் பிள்ளையளையும் சரியாப் பெயிலாக்கினியள்."

"தீர்மானத்துக்கு ஏழு நாள் நோட்டீஸ் குடுக்கலையே, அது சரியா?"

"பிழைதான்" என்றார் நவம் உடனே. "அது பிழைதான் அண்ணை. குடுத்திருக்கவேணும்."

இந்த ஒரு வார்த்தைக்காகப் பதினோரு வருடம் காத்திருந்தேன். அவர் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுவார் என்று நினைக்கவில்லை. வாங்கி வைத்துக்கொள்ள எனக்கு இடம் போதவில்லை.

தவறான குறுக்குக்கோட்டுக்கும் ஒரு வழக்கம் உண்டு. போட்டவரே ஆற்றுத்தண்ணீர் அள்ளிக் கழுவவேண்டும். அடுத்த வருடம் அவரே வந்து அதே வீட்டைத் தட்டவேண்டும். கீத் ஒரு வாளியைக் கொடுத்தார். மார்ச் மாத தேம்ஸ் தண்ணீர் எவ்வளவு குளிர் என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் என்னிடம் கேட்கலாம். மூன்று கால்களையும் தேய்த்துக் கழுவினேன். அழுத்திப் போட்ட கோடு, இலகுவில் போகவில்லை. நீக்கிய இடத்தில் கீத் வட்டம் போட்டார்.

இரண்டு மணிக்குப் புறப்பட்டேன். ஆரணிதான் மிதவையில் என்னைக் கரைக்குக் கொண்டுவந்தாள். சக்கரத்தை லேசாகச் சுற்றினாள், தோளில் வலு இருக்கிற வயது. நடு ஆற்றில் நிறுத்தினாள்.

"அங்கிள், ஒண்டு கேக்கலாமா? அண்டைக்கு எனக்கு எத்தினை மாக்ஸ் போட்டனீங்கள் எண்டு ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஒன்பது கைகளும் ஞாபகம் இருந்தன. கூட்டம் நடந்த அறையில் எரியாமல் கிடந்த குழல்விளக்கும் ஞாபகம் இருந்தது. அவளுடைய தாள் ஞாபகம் இல்லை. இல்லை என்றேன்.

"தேர்ட்டி-ஃபோர்" என்றாள். "பேப்பர் முழுக்க ரெட். ஐ க்ரைட் தி ஹோல் வே ஹோம். அதுக்குப் பிறகு கிளாசுக்கே போகேல்லை. அதுதான் அப்பா மீட்டிங்கிலை எழும்பினவர். யூ டிட்ன்ட் நோ?"

எனக்குத் தெரியாது. என்னைக் கவிழ்க்க ஏதோ கோஷ்டி வேலை செய்தது என்றே பதினோரு வருடம் நம்பியிருந்தேன். மலேசியக்காரன் என்பதால் என்று சில நாள், படித்தவன் என்ற பொறாமை என்று சில நாள்.

"அந்த பேப்பர் வச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"அம்மா வைச்சிருப்பா. அவ ஒண்டையும் எறிய மாட்டா. ஏன்?"

"அடுத்த வருஷம் வரும்போது கொண்டு வா. இன்னொரு தடவை பார்க்கிறேன்."

அவள் சிரித்தாள். "நோ அங்கிள். மார்க் போட்ட ஆள் மாத்தக்கூடாது. ரூல் இஸ் ரூல்." பிறகு சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினாள்.

கரையேறியதும், அவள் திரும்புவதற்காக மிதவையைக் கொக்கியிலிருந்து கழற்றிவிட்டேன். பூட்டு ஒன்றும் இல்லை. அவள் திரும்பிப் போய்ச் சேரும்வரை கம்பத்தடியில் நின்றேன். காரணம் எதுவும் இல்லை, முட்டி வலித்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். தீவுகளில் அழைப்பில்லாமல் இறங்க முடியாது, மணியை விளையாட்டுக்கு அடிக்காதீர்கள். வெளியிலிருந்து பார்க்க எதிர்க்கரை நல்லது. ஹாம்ப்டன் கோர்ட்டிலிருந்து அந்தப்பக்கம் ஆற்றோர நடைபாதையில் மேற்காக மூன்று கிலோமீட்டர் நடந்தால் பல தீவுகளும் கால்வீடுகளும் கண்ணுக்குத் தெரியும். செலவு எதுவும் இல்லை. நகரத்திலிருந்து வருபவர்கள் வாட்டர்லூவில் ரயில் ஏறி ஹாம்ப்டனில் இறங்கலாம். ஏறக்குறைய முக்கால் மணி நேரம். ஹவுன்ஸ்லோக்காரர்களுக்கு 111 போதும், ஆனால் வீதி வேலைக்கு இருபது நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் புகாத சப்பாத்து கட்டாயம். மழைக்குப் பிறகு பாதை முழுக்கச் சேறு. என் மொத்தச் செலவு, போகவரப் பேருந்தும் கோப்பியும் சேர்த்து, ஏழு பவுண்டு பத்து.

யாராவது உங்களை இப்படி ஒரு நாளுக்கு அழைத்துக் கையில் சுத்தியலைக் கொடுத்தால், முதலில் சேற்றைச் சுரண்டுங்கள். எல்லாக் கால்களிலும். உங்களுக்குப் பிடிக்காதவர் வாங்கப்போகும் வீடு என்றால் இரண்டு தடவை சுரண்டுங்கள்.

மே மாதம் நவம் குடும்பம் வீடு மாறியது. நான் போகவில்லை, அழைத்தார்கள். ஜன்னல்சீலைப் படத்தை வசந்தா வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். மஞ்சள் நிறம், எனக்குப் பிடிக்கவில்லை. நன்றாயிருக்கிறது என்று பதில் எழுதினேன். இரண்டு நாள் கழித்து இன்னொரு படம் வந்தது. பழுப்பேறிய ஒரு தேர்வுத்தாள். மேல் மூலையில் சிவப்பில் முப்பத்துநான்கு, கீழே என் கையெழுத்து. பெரிதாக்கி, கண்ணாடியை மாற்றிப் போட்டு, கேள்வி கேள்வியாகப் பார்த்தேன். ஐம்பத்தைந்துக்குக் குறையாமல் போட்டிருக்கவேண்டிய தாள்.

மாற்றக்கூடாது என்பது விதி. அடுத்த மார்ச்சில் அந்தப் பதினான்கு கால்களையும் தட்டப் போகும்போது, இதை ஆரணியிடம் வாயால் சொல்லவேண்டும்.